வன்னியில் திருச்சபை – 14: மக்களோடு பெயர்ந்த பங்குகள்

வன்னிப் பெருநிலப்பரப்பின் கத்தோலிக்கப் பங்குகள் இரண்டு மறைமாவட்டங்களின் கீழ் வருகின்றன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்கு உரியவை. வவுனியா, 1981 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட மன்னார் மறைமாவட்டத்துக்கு உரியது. மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபைகளுக்கும் இப்பகுதிகளில் சபைகள் உண்டு. ஆனால் கரையோர மீனவக் கிராமங்களில் கத்தோலிக்கரே பெருந்தொகையினர் என்பதால், போர்க்கால வரலாற்றில் அவர்களுடைய குருக்களும் கன்னியரும் அதிகம் இடம்பெறுகிறார்கள்.

வரைபடத்தில் எளிதாகத் தெரியும் இந்தப் பிரிவு, போர்க்காலத்தில் குருக்களின் அன்றாட வாழ்வையே தீர்மானித்தது. 2006 ஆகஸ்டில் முகமாலை வழி மூடப்பட்ட பின்னர், கிளிநொச்சியில் இருந்த ஒரு பங்குத்தந்தை யாழ்ப்பாணத்திலுள்ள தம் ஆயரைச் சந்திக்க வேண்டுமென்றால் வடக்கே போக முடியாது. தெற்கே ஓமந்தைச் சாவடியைக் கடந்து, அனுமதி பெற்று, கொழும்பு சென்று, அங்கிருந்து விமானத்திலோ கப்பலிலோ குடாநாட்டுக்குத் திரும்ப வேண்டும். மன்னார் ஆயருக்கோ தம் மறைமாவட்டத்தின் ஒரு பாதி அரச கட்டுப்பாட்டிலும் மறுபாதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. இரு தரப்பின் சாவடிகளிலும் நின்று பதில் சொல்லாமல் ஒரு பங்கைக்கூடப் பார்வையிட முடியாத நிலை அது.

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருக்களுக்கு விதிக்கப்பட்ட தடையையும், 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் வந்த மரபையும், கூலியாளைப் போல் உடையணிந்து 1687இல் இலங்கைக்குள் நுழைந்த யோசேவாஸ் முனிவரின் பணியையும் முந்தைய பகுதிகள் விரித்துரைத்தன. வன்னியின் கத்தோலிக்கர் தங்கள் தொடக்கத்தையே ஓர் இடப்பெயர்வாக நினைவுகொள்கிறவர்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களுக்கு நேர்ந்தவற்றை அந்த நினைவின் வழியாகவே அவர்கள் புரிந்துகொண்டார்கள். மறைசாட்சிகளின் வரலாறு என்று பாடசாலையில் படித்தது, தங்கள் பங்கிலேயே நடக்கத் தொடங்கியது 1984இல்.

அவ்வாண்டு டிசம்பரில் முருங்கனில் பணியாற்றிய மெதடிஸ்தப் போதகர் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். மூன்று வாரங்கள் கழித்து, 1985 ஜனவரி 6ஆம் நாள், வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் ஆலய வளாகத்திலேயே கொல்லப்பட்டார். மன்னார்ப் பகுதியில் இராணுவத்தினர் மக்கள்மீது நடத்திய தாக்குதல்களை வெளியுலகுக்குத் தெரியப்படுத்தியவர்களுள் அவர் ஒருவர். இருவரின் கொலைக்கும் இராணுவத்தினரே பொறுப்பென்று அவர்களுடைய திருச்சபைகள் குற்றம் சாட்டின. யாரும் தண்டிக்கப்படவில்லை. அடுத்தடுத்து நிகழ்ந்த இவ்விரு மரணங்கள் வடபகுதிக் குருக்களுக்கு ஒன்றைத் தெளிவாக்கின. அங்கி எவரையும் காப்பாற்றாது. அதற்குப் பிறகும் மன்னாருக்கும் வன்னிக்கும் இடமாற்றம் பெற்றவர்கள் அதை அறிந்தே போனார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் மடுத்திருத்தலம் அகதி முகாமாயிற்று. மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பல்லாயிரம் பேர் திருத்தலத்தைச் சுற்றிய காட்டில் குடில் போட்டனர். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையகம் அங்கே திறந்த நிவாரண நிலையம் ஒன்றை நடத்தியது. ஜூலை 2ஆம் நாளிலும் ஆகஸ்ட் 15ஆம் நாளிலும் திருவிழாவுக்கு வருவோருக்காகக் கட்டப்பட்ட யாத்திரிகர் விடுதிகளில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. பத்து நாள் திருவிழாவை நடத்தப் பழகிய பரிபாலகர், கிணறு, மலசலகூடம், பாடசாலை, மலேரியா மருந்து, நிவாரண அட்டை என்று ஒரு சிறு பட்டினத்தையே நடத்த வேண்டியவரானார்.

அதே ஆண்டுகளில் வன்னி பொருளாதாரத் தடைக்குள்ளும் இருந்தது. எரிபொருள், சீமெந்து, பசளை, பற்றரி ஆகியவை தடுக்கப்பட்டோ கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தன. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயை மீதப்படுத்த மக்கள் கண்டுபிடித்த ஜாம் போத்தல் விளக்கே பல இடங்களில் மாலைச் செபத்துக்கும் வெளிச்சம். போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள் நுழைத்த திரி, அதைத் தாங்கப் போத்தல் வாயில் ஒரு கம்பி. காற்றில் அணையாமல் ஓர் இரவு முழுதும் எரியும். 1995 அக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் வெறுமையானபோது, கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்த இலட்சக்கணக்கானோருக்கு வன்னிப் பங்குகளின் ஆலயங்களும் பாடசாலைகளும் முதல் தரிப்பிடமாயின. குடாநாட்டிலிருந்து குருக்களும் கன்னியரும் தங்கள் மக்களின் பின்னால் வந்தனர். பங்கு என்பது ஒரு நிலப்பரப்பு என்ற திருச்சபைச் சட்டத்தின் எண்ணம் அந்த நாட்களிலேயே நடைமுறையில் தளர்ந்துவிட்டது. மக்கள் எங்கே தறப்பாள் விரித்தார்களோ அங்கே பங்குத்தந்தை பூசை வைத்தார்.

மடுவில் அடைக்கலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை 1999இல் உடைந்தது. அவ்வாண்டு மார்ச்சில் இராணுவம் மடுவைக் கைப்பற்றியது. நவம்பரில் புலிகளின் பெருந்தாக்குதல் வன்னியில் நடந்துகொண்டிருந்தபோது, 20ஆம் நாள் இரவு, திருத்தல வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. மடுவை ஆயுதமற்ற வலயமாக இரு தரப்பும் ஏற்க வேண்டும் என்று ஆயர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தனர். அந்த வேண்டுகோளை வெளிப்படையாக யாரும் மறுக்கவில்லை. போர் நெருங்கியபோது அதை மதித்தவர்களும் இல்லை.

2002 பெப்ரவரியின் போர்நிறுத்தம் ஒரு மூச்சு விடும் காலம். மடுத் திருவிழாவுக்குத் தெற்கிலிருந்து சிங்கள யாத்திரிகர் மீண்டும் திரளாக வந்தனர். அக்காலத்தின் நடுவே, 2004 டிசம்பர் 26இல், நத்தாருக்கு அடுத்த ஞாயிறன்று, ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் மூவாயிரம் பேரளவில் இறந்தார்கள். அன்று கரையோரப் பங்குகளில் பிரேதங்களைத் தேடி எடுத்து, அடையாளம் கண்டு, எழுதிவைத்து, அடக்கம் செய்த அனுபவம், நான்கு ஆண்டுகள் கழித்து அதே கரையில் தேவைப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் உதவி வந்து குவிந்தது.

2006இல் போர் மீண்டும் தொடங்கியதும் வன்னி வீதிகளில் கிளைமோர்த் தாக்குதல்கள் பெருகின. மன்னார் மறைமாவட்டக் குருவும் இயேசு சபை அகதிகள் பணியின் மன்னார் இணைப்பாளருமான பாக்கியரஞ்சித் 2007 செப்டெம்பர் 26இல், இடம்பெயர்ந்தோருக்கான பொருட்களோடு சென்றபோது, வெள்ளாங்குளம் பகுதியில் கொல்லப்பட்டார். 2008 ஜனவரி 29இல் தட்சணாமடுவில் இத்தகைய தாக்குதலில் பஸ் ஒன்று சிக்கியது. அதில் இறந்தோருள் பள்ளி மாணவர் பலர். ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, வவுனிக்குளத்தில் திருப்பலி நிறைவேற்றிவிட்டு மல்லாவிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த கருணாரட்ணம் அடிகளார் அதே முறையில் கொல்லப்பட்டார். இராணுவத்தின் ஆழ ஊடுருவும் படையணியே இவற்றைச் செய்ததென்று புலிகளும் உள்ளூர் அமைப்புகளும் கூறின. இராணுவம் மறுத்தது.

கருணாரட்ணம் அடிகளாரை வன்னியில் கிளி பாதர் என்றால்தான் தெரியும். 2004இல் கிளிநொச்சியில் தொடங்கிய வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவர் அவர். போரில் உறவுகளை இழந்தவர்களுக்கு உளவள ஆலோசனை வழங்கும் பணியிலும் ஈடுபட்டிருந்தார். அவருடைய நிலை இலகுவானதன்று. புலிகளின் ஆட்சிப் பகுதிக்குள் இயங்கிய மனித உரிமை அமைப்பு எந்த அளவுக்குச் சுதந்திரமாக இருக்க முடியும் என்று கொழும்பில் கேட்டவர்கள் உண்டு; அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஆயினும் வான்குண்டு வீச்சில் இறந்தவர்களின் பெயரும் வயதும் ஊரும் பதிவாகின என்றால், அதற்கு உள்ளேயிருந்து எழுத ஒருவர் வேண்டியிருந்தது. பாதுகாப்பான தொலைவில் இருந்து அந்த வேலையைச் செய்ய வழியில்லை. பங்குத்தந்தை என்ற முறையில் ஞாயிறு தோறும் அதே வீதியால் போய்வருவதை அவர் நிறுத்தவுமில்லை.

அதே ஏப்ரலின் தொடக்கத்தில் மடுவில் இன்னொரு முடிவு எடுக்கப்பட்டது. சண்டை திருத்தல வாசலுக்கு வந்துவிட்டது. மக்கள் போய்விட்டார்கள். வளாகத்துள் எறிகணைகள் விழுந்தன. பரிபாலகர் எமிலியானுஸ்பிள்ளை அடிகளாரும் உடனிருந்த குருக்களும், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பின் இணக்கத்தோடு, மாதாவின் திருச்சொரூபத்தை ஏப்ரல் 3ஆம் நாள் வடமேற்குக் கரையிலுள்ள தேவன்பிட்டி ஆலயத்துக்குக் கொண்டு சென்றனர். தெற்கில் பெரும் சர்ச்சை எழுந்தது. சொரூபத்தைப் புலிகளின் பகுதிக்குக் கொண்டுபோனது அரசியல் செயல் என்று ஊடகங்களில் எழுதினார்கள். ஆயரைப் புலிகளின் ஆள் என்றார்கள். ஆபத்து வரும்போது சொரூபத்தை மக்கள் தம்மோடு எடுத்துச் செல்வது மடுவின் தோற்றத்தோடு பிறந்த வழக்கம் என்பதை அந்தச் சர்ச்சையில் நினைவுபடுத்தியவர் சிலரே. அம்மாத இறுதியில் இராணுவம் மடுவைக் கைப்பற்றியது. ஆகஸ்டில் சொரூபம் திரும்பிவந்தது. அப்போது அதை வரவேற்க மடுவைச் சுற்றி ஊர்கள் இல்லை. அவ்வூர் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நகர்வின் தடத்தை ஊர்ப் பெயர்களின் வரிசையாகவே வன்னி மக்கள் இன்றும் சொல்வார்கள். அடம்பன், விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், முழங்காவில், ஜெயபுரம், அக்கராயன், கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். முதல் இடங்களில் லான்ட்மாஸ்டரில் கூரைத்தகடும் நெல்மூட்டையும் ஆட்டுக்குட்டியும் ஏற்றிச் சென்றார்கள். கடைசி இடங்களில் கையில் ஒரு பை. பங்குகளும் இப்படியே சுருங்கின. ஞானஸ்நானப் பதிவேடுகள், நற்கருணைப் பாத்திரம், பூசை உடுப்பு, சில இடங்களில் ஒரு மணி என்று புறப்பட்டவர்கள், போகப்போக ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போனார்கள். சில பங்குகளின் பதிவேடுகள் அந்த வழியில் அழிந்தன. ஒருவர் பிறந்ததற்கும் மணமுடித்ததற்கும் இருந்த எழுத்துச் சான்று அத்தோடு போயிற்று.

தங்குவதா போவதா என்ற கேள்வி கூர்மையாக எழுந்தது 2008 செப்டெம்பரில். வன்னியிலுள்ள சர்வதேச உதவி நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. ஐக்கிய நாடுகளின் பணியாளர்கள் போகக்கூடாதென்று கிளிநொச்சியில் அவர்களுடைய அலுவலக வாசலில் மக்கள் கூடி நின்று கெஞ்சினார்கள். செப்டெம்பர் 16இல் அவர்களுடைய வாகனங்கள் ஓமந்தையைக் கடந்தன. பின்னர் இப்பகுதியில் மக்களோடு எஞ்சியிருந்த அமைப்புகள் மிகச் சில: செஞ்சிலுவைக் குழு, அரச மருத்துவர்கள், மாவட்டச் செயலக உத்தியோகத்தர்கள், திருச்சபையினர். கரித்தாஸ் அமைப்பின் வன்னிக் கிளையான கியூடெக் தன் உள்ளூர்ப் பணியாளர்களோடும் குருக்களோடும் தொடர்ந்து இயங்கியது. பல துறவற சபைகளின் கன்னியரும் தங்கள் பராமரிப்பிலிருந்த பிள்ளைகளோடும் முதியவர்களோடும் தங்கினார்கள்.

இந்த முடிவை வீரம் என்று வருணிக்கும் எழுத்துகள் பின்னாளில் நிறைய வந்தன. தங்கியவர்களின் நாளாந்தம் அப்படி இருக்கவில்லை. விடிய முன் பூசை, பிறகு கஞ்சிக்கு அரிசி தேடுவது, காயப்பட்டவரை மருத்துவமனை என்று பெயர்கொண்ட பாடசாலைக் கட்டடத்துக்குக் கொண்டுசெல்வது, மாலையில் அடக்கம். சேமக்காலையும் இல்லை, பெட்டியும் இல்லை. சாக்கிலோ சேலையிலோ பொதிந்து மண்ணில் வைப்பதற்குள் அடுத்த எறிகணை வரும். பிள்ளையைப் பலாத்காரமாகப் படைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அழும் தாய்க்காகப் புலிகளின் பொறுப்பாளரிடம் பேசப்போவதும் பங்குத்தந்தையின் வேலைதான். அதில் கிடைத்த வெற்றி மிகக் குறைவு.

2009 ஜனவரி 2இல் கிளிநொச்சியும் 25இல் முல்லைத்தீவு நகரும் இராணுவத்தின் கைக்கு வந்தன. ஜனவரி 21இல் அரசு முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. அங்கும் எறிகணைகள் விழுந்தன. பெப்ரவரி 12இல் இரண்டாவது வலயம், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே 14 சதுர கிலோமீற்றர் மணல். அக்காலத்தில் வன்னியில் எஞ்சியிருப்போர் எழுபதாயிரம் பேரளவில்தான் என்று அரசு கூறிவந்தது. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கே அனுப்பப்பட்டன. பெருந்தொகையான மக்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று இரு ஆயர்களும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாழ்ப்பாண ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம் ஜனாதிபதியிடம் போர்நிறுத்தம் கேட்டார். மக்கள் நடுவே நின்று இராணுவத்தின்மீது பீரங்கி சுடவேண்டாம் என்று அதே மூச்சில் புலிகளிடமும் கேட்டார். அரசு இரண்டாவது பகுதியை மட்டும் எடுத்துப் பரப்பியது. தமிழ்த் தரப்பில் பலர் முதற்பகுதியை மட்டும் நினைவில் வைத்தார்கள்.

அந்த மணற்கரையில் பங்கர் வெட்டுவது கடினம். சில அடி தோண்டினால் தண்ணீர் ஊறும். தண்ணீர் ஊறாத இடத்தில் மணல் சரியும். அதனால் பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி, பங்கரைச் சுற்றி அடுக்கினார்கள். கூறைச்சேலையும் அதற்குப் போயிற்று. வலைஞர்மடம் மாதா ஆலயத்தைச் சுற்றியும் இப்படியான பங்கர்கள் நெருக்கமாக இருந்தன. குருக்களும் கன்னியரும் அங்கே கூடியிருந்தார்கள். ஆலயம் என்பதால் இராணுவம் அடிக்காது, ஆலயம் என்பதால் புலிகள் பிள்ளைகளைப் பிடிக்க வரமாட்டார்கள் என்ற இரு நம்பிக்கைகளோடு மக்கள் அதைச் சூழ்ந்தார்கள். படைச்சேர்ப்புக்கு அஞ்சிய இளைஞர்களும் யுவதிகளும் நூற்றுக்கணக்கில் ஆலயத்துக்குள் ஒளிந்திருந்தார்கள்.

இரண்டு நம்பிக்கைகளும் ஏப்ரலில் பொய்த்தன. அம்மாத நடுவில் புலிகளின் திருகோணமலை அரசியற்பிரிவுப் பொறுப்பாளராக இருந்த எழிலனின் தலைமையில் வந்தவர்கள், ஆலயத்திலிருந்த நூற்றுக்கணக்கான இளையோரைப் பலவந்தமாகப் பஸ்களில் ஏற்றி முள்ளிவாய்க்காலுக்குக் கொண்டுசென்றதை ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்தது. ஏப்ரல் 20இல் இராணுவம் புதுமாத்தளனில் மண்ணரணை உடைத்து நுழைந்தது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வழியே வெளியேறினார்கள். அடுத்த சில நாட்களில் வலைஞர்மடம் ஆலயம் எறிகணை வீச்சுக்கு உள்ளானது. கியூடெக் இயக்குநர் வசந்தசீலன் அடிகளார் அதில் படுகாயமடைந்து ஒரு காலை இழந்தார். எஞ்சிய குருக்கள் எஞ்சிய மக்களோடு இன்னும் தெற்கே, முள்ளிவாய்க்காலுக்கு நகர்ந்தார்கள். மண்ணரண் உடைந்த நாட்களில் வெளியேறியிருக்கக்கூடியவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

கடைசி வாரங்களில் அங்கிருந்தவர்களுள் மூத்தவர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்தவர். ஆங்கிலம் கற்பிப்பதில் பேர்பெற்றவர். மே 10ஆம் நாள், முந்தின இரவின் எறிகணை வீச்சு பற்றித் திருத்தந்தைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இறந்தோர், காயமடைந்தோரின் தொகையைக் குறிப்பிட்டு, உலகத்தின் காதில் விழவேண்டும் என்று எழுதிய கடிதம் அது. எட்டு நாட்கள் கழித்து, மே 18 காலை, வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைய வந்த புலி உறுப்பினர்களோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் அவர் நின்றார். அவர்கள் சார்பில் அதிகாரிகளிடம் பேசினார். சரணடைவோரின் பெயர்களைப் பட்டியலாக எழுத உதவினார். பின்னர் அவர்களோடு அவரும் பஸ்ஸில் ஏற்றப்பட்டதைக் கண்டதாக அங்கிருந்தவர்கள் சாட்சியம் அளித்துள்ளார்கள். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. ஒரு மாதத்துக்கு முன் ஆலயத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுபோன எழிலனும் அன்று சரணடைந்து காணாமற்போனவர்களுள் ஒருவர். அவர்களுக்காகவும் பேசவே அடிகளார் அங்கே நின்றார்.

அதே நாளில், கடைசி வரை மக்களோடு இருந்து வெளியே வந்த சரத்ஜீவன் அடிகளார் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்ததும் நிலைகுலைந்து இறந்தார். கிளிநொச்சிப் பகுதியில் பணியாற்றியவர். வயது நாற்பதைச் சற்றுத் தாண்டியிருந்தது. எறிகணை அவரைத் தொடவில்லை. வாரக்கணக்கான பட்டினியும் நித்திரையின்மையும் இதயத்தை நிறுத்தின.

வெளியேறிய மக்கள் வவுனியா மாவட்டத்தில் செட்டிகுளத்துக்கு அருகே, மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். வவுனியாப் பங்குகளும் மன்னார் மறைமாவட்டமும் அப்போது புதிய வேலையை ஏற்றன. பிரிந்த குடும்பங்களின் பெயர்களை வலயத்துக்கு வலயம் கொண்டுபோய் ஒப்பிடுவது, பால்மா சேர்ப்பது, ஞாயிறுகளில் தறப்பாள் கொட்டில்களில் பூசை வைப்பது. கடைசி முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான்.

ஆயர் இராயப்பு யோசேப்பின் மிக அறியப்பட்ட செயல் இதன்பின் வருகிறது. 2011 ஜனவரி 8இல், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது, அவரும் குருமுதல்வர் விக்டர் சோசையும் மற்றொரு குருவும் எழுத்து மூலம் ஒரு சமர்ப்பணம் செய்தார்கள். அதிலிருந்த கணக்கு எளிய கழித்தல். மாவட்டச் செயலகங்களின் பதிவின்படி 2008 அக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் சனத்தொகை 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரச பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் கூறவில்லை, விளக்கம்தான் கேட்டார். எண் சரியா, செயலகப் பதிவு மிகைப்பட்டதா என்ற விவாதம் அறிஞர்களிடையே நடந்தது. எண்களை மேடைப் பேச்சுக்கு விட்டுவிடாமல், ஆவணங்களை அரசின் முன் வைத்துக் கேட்டதில்தான் அந்தச் சமர்ப்பணத்தின் பலம் இருந்தது. அதன் விளைவாக அவர் விசாரிக்கப்பட்டார், தேசத்துரோகி எனப்பட்டார். 2016இல் உடல்நலம் குன்றி ஓய்வுபெறும் வரை அந்த எண்ணை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. 2021 ஏப்ரல் 1இல் காலமானார்.

2015 ஜனவரி 14 காலை கொழும்பில் யோசேவாஸைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். போரில் உறவுகளை இழந்த தமிழ், சிங்களக் குடும்பங்கள் அங்கே கூடியிருந்தன. திருத்தந்தையின் வருகை பெரிய ஆறுதல். ஆனால் காணாமற்போனோர் பற்றிய எந்தக் கோப்பும் அதனால் நகரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 மே மாதம், முள்ளிவாய்க்கால் கிழக்கில் சின்னப்பர் ஆலயத்துக்கு அருகே இறந்தோரின் பெயர்களைக் கற்களில் பொறித்து நினைவேந்தல் செய்ய இயேசு சபைக் குரு எழில் இராஜேந்திரம் ஏற்பாடு செய்தபோது, பொலிஸார் அவரை அழைத்து விசாரித்தார்கள். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம் 14 நாள் தடை விதித்தது. கல்லில் உள்ள பெயர்கள் யாருடையவை, அவர்களுள் புலிகள் உண்டா என்பதே பொலிஸாரின் கேள்வி. பங்குகளுக்கு அப்படிப் பிரித்து அடக்கம் செய்யும் வழக்கம் இருக்கவில்லை.

காணிப் பிரச்சினையே இக்காலப் பணியின் மற்றொரு முகம். கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு, பூநகரிக்குத் தென்மேற்கே கடலில் உள்ள இரட்டைத் தீவு. அங்கே வாழ்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் 1992இல் இடம்பெயர்ந்து முழங்காவிலுக்கு அருகே இரணைமாதாநகரில் குடியேறினார்கள். போர் முடிந்த பிறகும் கடற்படை தீவை விடவில்லை. 2017 மே 1இல் தொடங்கிய அறவழிப் போராட்டம் ஓர் ஆண்டு நீடித்தது. கொழும்புக்கு மனுக்கள் போயின, பதில்கள் வந்தன, முடிவு வரவில்லை. 2018 ஏப்ரல் 23 காலை, பங்குக் குருக்கள் உடன்வர, ஏறத்தாழ நாற்பது படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு மக்கள் தாங்களே தீவுக்குப் புறப்பட்டார்கள். கடற்படையினர் தடுக்கவில்லை. கூரை இழந்து நின்ற செபமாலை மாதா ஆலயத்தில் செபம் செய்துவிட்டு, அன்றிரவே அங்கே தங்கினார்கள். திரும்பிப் போகமாட்டோம் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து வந்த அரச அதிகாரிகள், மக்கள் தீவில் தங்கித் தொழில் செய்யலாம் என்று ஒப்புக்கொண்டனர். பாடசாலை, மருத்துவம், குடிநீர், பயணப் படகு ஆகியவற்றுக்கான அலைச்சல் அதன் பிறகே தொடங்கியது.

(தொடரும்)